பெயர் சொல்லாமல் வடைக் கதை சொல்ல

பாட்டி வடை சுட்ட கதை தெரியாத ஆள் நம்மில் கிடையாது. அதனாலேயே அதை இன்னொரு கதைக்குள் நுழைப்பது வம்பு. லேசாகத் தொட்டாலே கேட்பவர் மனதில் கதை முழுக்க ஓடி முடிந்துவிடும்.

நானே மாட்டியிருக்கிறேன். எங்கள் குடியிருப்பு ஆண்டு விழா நாடகத்தில் நரியப்பன் என்று ஒரு வீட்டுத் தரகர். பெரியவர் ஒருவரின் குரலை அவர் புகழ்ந்து தள்ள, வாட்ச்மேன் வந்து "காக்கா மாதிரி ஏமாந்துடாதீங்க சார்" என்பார். முன்வரிசைப் பொடியன் ஒருவன் "வடை! வடை!" என்று கத்தினான். அப்புறம் மேடையில் பேசிய ஒரு வார்த்தையும் யார் காதிலும் விழவில்லை.

சரி, எப்படிச் செய்வது? பழைய கதையிலிருந்து ஒரே ஒரு பொருளையோ செயலையோ எடுங்கள். பெயர்களைத் தொடாதீர்கள். எண்ணெய்ச் சட்டி, பாடச் சொல்லும் குழைவு, இப்படி ஏதாவது ஒன்று போதும். எனக்குப் பிடித்தது பின்னால் ஒட்டிக்கொண்ட வால்: விவரமான காக்கா வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு 'கா கா' என்று பாடுமே, அது.

அடுத்து, எடுத்ததை ஒரு சின்னப் பாத்திரத்திடம் கொடுங்கள். அந்த ஆளுக்குக் காட்சியில் சொந்த வேலை ஒன்று இருக்க வேண்டும். இதற்கு 1999-இல் வந்த 'தி மேட்ரிக்ஸ்' படத்தைப் பாருங்கள். வெள்ளை முயலின் பின்னால் போ என்று கதாநாயகன் நியோவின் கணினித் திரையில் ஒரு வரி வரும். உடனே கதவு தட்டப்படும். வந்த கூட்டம் வெளியே கூப்பிடும்போது முதலில் மறுப்பான். கூட வந்த பெண்ணின் தோளில் வெள்ளை முயல் பச்சை குத்தியிருப்பதைப் பார்த்ததும் கிளம்பிவிடுவான். அவள் பேசுவது ஓரிரு வரிதான். 1865-இல் வந்த ஆலிஸ் கதையில், சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தபடி ஓடும் முயலின் பின்னால் போய்த்தான் அந்தச் சிறுமி வளைக்குள் விழுவாள். அதைப் படிக்காதவருக்கும் படத்தில் ஒன்றும் குறையாது, திரையில் வந்த வரியே போதும். படித்தவருக்கு நியோ எங்கே விழப்போகிறான் என்பதும் தெரிந்துவிடும்.

இதைப் பார்த்துவிட்டு நாடகத்தைத் திருத்தினேன். நரியப்பன் போய், பெயரில்லாத தரகர் ஆனார். வாட்ச்மேனைத் தூக்கிவிட்டு, தெருமுனையில் பஜ்ஜி போடும் அம்மாவைக் கொண்டுவந்தேன். (வடை போட வைத்திருந்தால் பொடியன் மறுபடி கத்தியிருப்பான்.) பெரியவர் மடியில் வீட்டுப் பத்திரம் இருக்கும் பை. தரகர் "ஒரே ஒரு பாட்டு, ஐயா!" என்கிறார். பெரியவர் தொண்டையைச் செருமுகிறார். அந்த அம்மா கரண்டியை எடுக்காமலே சொல்வார்: "பாடுங்க ஐயா. பையை மட்டும் காலுக்கடியில வெச்சுக்கிட்டுப் பாடுங்க."

உடனே அடுத்த வாடிக்கையாளர் சில்லறை கேட்க வேண்டும். இது முக்கியம். அந்த வரிக்குப் பிறகு யாரும் சிரிக்கவோ வியக்கவோ நேரம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் நீங்களே காட்டிக்கொடுத்த மாதிரி. கடைசியாக, அந்த வரியை அடித்துவிட்டுக் காட்சியை ஒரு முறை படியுங்கள். அப்போதும் காட்சி நிற்க வேண்டும்.

ஒத்திகையில் அந்த அம்மாவாக நடித்தவர் "அந்தக் காக்கா மாதிரி" என்று தானாகவே சேர்த்துக்கொண்டார். மூன்று தடவை வெட்டினேன்.