ஒரே மெட்டல் ஆல்பம், நாலு சிடி: மாஸ்டரிங்கை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். கையில் அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் பேண்டின் ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ சிடி இரண்டு. ஒன்று 80-களில் வந்த பழைய சிடி, இன்னொன்று 1998 ரீமாஸ்டர், அதாவது மாஸ்டரிங்கை (கலந்து முடித்த பதிவை வெளியீட்டுக்காகச் சீர்செய்யும் கடைசி வேலையை) மறுபடி செய்து வந்த பதிப்பு. பழையதை ஒரு நிமிடம் போட்டான், புதியதை ஒரு நிமிடம் போட்டான். “அண்ணே, இதுக்கு மேல கேக்க என்ன இருக்கு? பழசுல உயிரே இல்ல. வித்துடப் போறேன்” என்றான்.

பொறு என்று சொல்லி உட்கார வைத்தேன். இருபது வருடங்களுக்கு முன் இதே ஆல்பத்தைக் கேட்டு, இதே ஒரு நிமிடத்தில், இதே முடிவுக்கு வந்தவன் நான். அதன் விலை எனக்குத் தெரியும்.

கீறல் விழுந்த சிடி, யூடியூபில் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. பல வருடம் கேட்டுப் பழகியவர்களும் இடறுகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

சத்தத்தைச் சமப்படுத்தாமல் கேட்பது

மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அயர்ன் மெய்டனின் முதல் ஏழு ஆல்பங்களும், 1980-இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து 1988-இல் வந்த ஏழாவது வரை, பழைய சிடிக்களாகவே என்னிடம் இருந்தன. 1998 ரீமாஸ்டர்கள் கைக்கு வந்ததும் ஒன்றுக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். வால்யூம் குமிழைத் தொடவே இல்லை. தொடாமல் இருப்பதுதான் நேர்மையான சோதனை என்று நம்பினேன். ஒவ்வொரு முறையும் புதியதே ஜெயித்தது. கிட்டார் முகத்துக்கு நேரே வந்தது, பேஸ் தெளிவாகக் கேட்டது. அந்த வாரமே ஏழு பழைய சிடியையும் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் தலா 150 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன்.

சில வருடங்கள் கழித்து, ரெக்கார்டிங்கில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் என் கம்ப்யூட்டரில் இரண்டு கோப்புகளை அடுத்தடுத்து ஓடவிட்டார். எது எந்த சிடி என்று சொல்லவில்லை. ‘ஹாலோட் பி தை நேம்’ பாட்டு. நான் தயங்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அது பழைய சிடி. அவர் செய்தது ஒரே காரியம்: ரீமாஸ்டரின் சத்தத்தைப் பழையதன் அளவுக்கு இறக்கியிருந்தார்.

இது ஏன் இப்படி நடக்கிறது? சிடியில் ஒலி ஏறக்கூடிய உயரத்துக்கு ஒரு கூரை உண்டு. அதற்கு மேல் எண்ணே இல்லை. 80-களின் சிடிக்களில் டிரம்மின் அடி மட்டும் அந்தக் கூரை வரை போய்வரும்; மற்ற இசை அதற்கு வெகுவாகக் கீழே இருக்கும். 90-களின் நடுவிலிருந்து, ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் கொண்டு அந்த உச்சிகளை நசுக்கி, மிச்ச இசையை எல்லாம் மேலே தூக்கும் பழக்கம் பரவியது. சிடி போட்ட உடனே சத்தம் கூடக் கேட்கும். பறிபோவது டிரம்ஸின் அடி. ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ ஆல்பத்தில் டிரம்மர் கிளைவ் பர் ஸ்நேர் டிரம்மை அடிக்கும்போது, தோல் அதிர்ந்து அடங்குவதற்கு முன்னே வரும் அந்த முதல் வெட்டு இருக்கிறதே, அதுதான் லிமிட்டரில் முதலில் தேய்கிறது.

நம் காதும் இதற்குத் துணைபோகிறது. சத்தம் குறைவாக இருக்கும்போது காது கீழ் ஸ்தாயியையும் உச்ச ஸ்தாயியையும் சரியாக வாங்குவதில்லை. சத்தம் ஏற ஏற இரண்டும் எழுந்து வரும். ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். ஆகவே உரத்த சிடியில் பேஸும் சிம்பலும் கூடுதலாக இருப்பதுபோல் தோன்றும், மாஸ்டரிங்கில் அவற்றைத் தொடாதபோதும். இதைவிட ஆபத்தானது சின்ன வித்தியாசம். 6 டெசிபெல் வித்தியாசத்தை யாரும் சத்தம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அரை டெசிபெல், ஒரு டெசிபெல் வித்தியாசம் சத்தமாகத் தெரியாது. “தெளிவு”, “ஆழம்” என்றுதான் தெரியும்.

சமப்படுத்துவது கஷ்டமான வேலை இல்லை. இரண்டு சிடியையும் ரிப் செய்து (கம்ப்யூட்டரில் கோப்புகளாக எடுத்து), ஒப்பிடப் போகும் பாட்டின் லவுட்னஸை, அதாவது காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தை, அளந்து பாருங்கள். ஃபூபார் 2000 என்ற பிளேயர் மென்பொருளில் உள்ள ரீப்ளே கெயின் என்ற அளவீடு போதும். எல்யூஎஃப்எஸ் என்ற லவுட்னஸ் அலகில் காட்டும் எந்த மீட்டரும் போதும். ஒன்று மைனஸ் 16, இன்னொன்று மைனஸ் 10 என்று வந்தால், உரத்ததை 6 டெசிபெல் இறக்குங்கள். மெல்லியதை ஏற்றவே கூடாது, ஏற்றினால் அதன் உச்சிகள் கூரையில் இடித்து உடையும்.

இதில் இரண்டு இடத்தில் நானே வழுக்கியிருக்கிறேன். முதலாவது, ஆல்பம் முழுவதற்கும் கணக்கிட்ட எண்ணை வைத்துச் சமப்படுத்தியது. 1998 பதிப்பில் ‘டோட்டல் எக்லிப்ஸ்’ என்ற பாட்டைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். பாட்டுப் பட்டியல் மாறினால் ஆல்பத்தின் சராசரியும் மாறும். பாட்டுக்குப் பாட்டு அளப்பதே சரி. இரண்டாவது, மீட்டரை மட்டும் நம்பியது. இந்த மீட்டர்கள் அடி ஸ்தாயிக்குக் கொடுக்கும் எடை குறைவு. ஒரு மாஸ்டரிங்கில் பேஸைத் தூக்கியிருந்தால், எண் சமமாக இருந்தும் காதுக்குச் சமமாக இராது. மீட்டர் சொன்னதை வைத்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சும் பத்தில் ஒன்றிரண்டு பங்கு டெசிபெல்லைப் பாடகரின் குரலை வைத்துச் சரிசெய்யுங்கள். புரூஸ் டிக்கின்சனின் குரல் இரண்டிலும் ஒரே தூரத்தில் நின்றால் போதும்.

அந்தத் தம்பிக்கு இதைச் செய்து காட்டினேன். தலைப்புப் பாட்டில், வசனம் முடிந்து டிக்கின்சன் அடங்கிய குரலில் தொடங்கி, பிறகு அந்த நீண்ட அலறலோடு பேண்ட் முழுவதும் உள்ளே வரும் இடம். சமப்படுத்திய பிறகு ரீமாஸ்டரில் அடங்கிய குரல் முன்னாலேயே வந்து நின்றது. அலறலுக்கு ஏற இடமில்லை. பழையதில் அந்த ஏற்றம் முழுதாக இருந்தது. அவன் மூன்று முறை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டான். சிடியை விற்கவில்லை.

நான் விற்ற ஏழில் ஆறை இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் தபாலில் வரவழைத்து மறுபடி வாங்கிவிட்டேன், ஒவ்வொன்றும் இரண்டாயிரத்துக்குக் குறையாமல். ‘பவர்ஸ்லேவ்’ மட்டும் நல்ல நிலையில் இன்னும் கிடைக்கவில்லை.

ரீமிக்ஸை ரீமாஸ்டர் என்று எண்ணுவது

ரீமாஸ்டர் என்பது கலந்து முடித்த இரண்டு சேனல் டேப்பை மறுபடி சீர்செய்வது. ரீமிக்ஸ் என்பது டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் எல்லாம் தனித்தனியாக இருக்கும் பல தட டேப்புக்கே திரும்பிப் போய்ப் புதிதாகக் கலப்பது. இரண்டையும் பக்கத்தில் வைத்து மாஸ்டரிங் பற்றிப் பேசினால் பேச்சே செல்லாது.

மெகாடெத் பேண்டின் பழைய ஆல்பங்கள் 2004-இல் மறுபடி வந்தபோது அதன் பாடகர் டேவ் மஸ்டெய்ன் அவற்றை ரீமிக்ஸே செய்தார். 1990-இல் வந்த ‘ரஸ்ட் இன் பீஸ்’ ஆல்பத்தில் சில இடங்களில் குரலையே புதிதாகப் பாடிச் சேர்த்திருக்கிறார். “புது மாஸ்டரிங்கில் குரல் வேறு மாதிரி இருக்கே” என்று என்னிடம் கேட்பவர்கள் இன்னும் உண்டு. வேறு மாதிரி இல்லை, அது வேறு குரல் பதிவு.

ஓஸி ஆஸ்பர்னின் ‘பிளிஸார்ட் ஆஃப் ஓஸ்’, ‘டைரி ஆஃப் எ மேட்மேன்’ ஆல்பங்களின் 2002 பதிப்புகள் இன்னும் ஒரு படி மேலே. பாப் டெய்ஸ்லி வாசித்த பேஸையும் லீ கெர்ஸ்லேக் வாசித்த டிரம்ஸையும் நீக்கிவிட்டு, ராபர்ட் ட்ருஹியோவையும் மைக் போர்டினையும் வைத்துப் புதிதாக வாசித்துப் பதித்தார்கள். 2011 மறுவெளியீட்டில்தான் பழைய வாசிப்பு திரும்பி வந்தது. பழைய சிடிக் கடையில் இந்த ஆல்பங்களை எடுத்தால் முதலில் வருடத்தைப் பாருங்கள். ராண்டி ரோட்ஸ் கிட்டாருக்குக் கீழே யார் வாசிக்கிறார்கள் என்பது எந்த ஈக்வலைசேஷனைவிடவும் (ஸ்தாயிகளை ஏற்றி இறக்கும் திருத்தத்தைவிடவும்) பெரிய விஷயம்.

அட்டையை வைத்து மாஸ்டரிங்கை முடிவு செய்வது

ஜப்பான் அச்சு என்றால் தனி ஒலி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நானும் நம்பித்தான் ஓபி காகிதப் பட்டையோடு ஒரு சிடியை நாலு மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். அதை ரிப் செய்து, ஏற்கெனவே இருந்த சாதாரண ஐரோப்பிய சிடியோடு வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு பாட்டின் உச்ச அளவும் தசமப் புள்ளி வரை ஒன்றாக இருந்தது. ஒரே மாஸ்டரிங், வேறு தொழிற்சாலை.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற ரிப் மென்பொருள், வேலை முடிந்ததும் எழுதும் லாகில் ஒவ்வொரு பாட்டுக்கும் உச்ச அளவைச் சதவீதமாகக் காட்டும். எல்லாப் பாட்டிலும் எண்கள் ஒத்துப்போனால் அநேகமாக ஒரே மாஸ்டரிங்தான். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் இரண்டு கோப்புகளையும் ஒரே சாம்பிளில் (சிடியில் ஒலியைப் பதிக்கும் மிகச் சிறிய துளியில்) தொடங்கும்படி நகர்த்தி, ஒன்றின் ஒலி அலையைத் தலைகீழாக்கி, இரண்டையும் கூட்டுங்கள். முழு அமைதி வந்தால் ஒன்றேதான். நகர்த்துவது முக்கியம், வேறு அச்சில் இசை சில நூறு சாம்பிள் முன்னே பின்னே தொடங்கியிருக்கும், நகர்த்தாமல் கூட்டினால் ஒரே மாஸ்டரிங்கும் வேறு போலக் காட்டும்.

வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள, சிடியின் அடிப்பக்கத்தில் நடுவளையத்தைச் சுற்றிப் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணின் படத்தை விற்பவரிடம் கேளுங்கள். அங்கே ஐஎஃப்பிஐ என்று தொடங்கும் சின்னக் குறி இருந்தால் அந்த சிடி 1994-க்கு முன் அச்சானது அல்ல. அந்தக் குறி நடைமுறைக்கு வந்ததே அந்த வருடம்தான். “முதல் அச்சு” என்று சொல்லி விலை ஏற்றுபவரிடம் பேச இது உதவும். ‘மேட் இன் வெஸ்ட் ஜெர்மனி’ என்ற வரி மட்டும் போதாது. அது காலத்தைச் சொல்லும், எந்த டேப் என்று சொல்லாது.

ப்ரீ-எம்ஃபசிஸை மறப்பது

80-களின் தொடக்கத்தில், குறிப்பாக ஜப்பானில் அச்சான சில சிடிக்களில் உச்ச ஸ்தாயியை வேண்டுமென்றே தூக்கிப் பதித்திருப்பார்கள், மேல் முனையில் கிட்டத்தட்ட 10 டெசிபெல் வரை. இதுதான் ப்ரீ-எம்ஃபசிஸ். இப்படித் தூக்கியிருக்கிறது என்ற குறிப்பும் சிடியில் இருக்கும். சிடி பிளேயர் அந்தக் குறிப்பைப் படித்துத் தானே இறக்கிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் ரிப் செய்யும்போது பல நேரம் யாரும் இறக்குவதில்லை. சில சிடிக்களில் குறிப்பு உள்ளடக்கப் பட்டியலில் இல்லாமல் சப்கோடில் (இசையோடு சேர்ந்து ஓடும் துணைத் தகவலில்) மட்டும் இருக்கும், ரிப் மென்பொருள் கவனிக்காமலே போய்விடும். கேட்டால் சிம்பல் மட்டும் சீறும், கிட்டார் மெலிந்து கூசும். இதைக் கேட்டுவிட்டு “பழைய சிடி எல்லாம் ஒல்லியாக இருக்கும்” என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். சாக்ஸ் (SoX) என்ற ஒலி மென்பொருளில் இதை இறக்கத் தனிக் கட்டளையே இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதே சிடியை ஒரு பிளேயரில் போட்டுக் கேளுங்கள்.

டிஆர் எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது

டிஆர் என்பது டைனமிக் ரேஞ்ச். அந்த எண் உச்சிக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளியை மட்டும் சொல்லும். டேப் எத்தனையாவது பிரதி, ஈக்வலைசேஷன் எப்படி என்பதைச் சொல்லாது. எல்பி இசைத்தட்டிலிருந்து அளந்த எண்ணை சிடி எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஊசியும் வெட்டும் முறையும் உச்சிகளை நகர்த்திவிடும்.

நசுக்கியது மாஸ்டரிங்தான் என்று முடிவு கட்டுவது

2008-இல் மெட்டாலிக்காவின் ‘டெத் மாக்னடிக்’ வந்தபோது சிடி நொறுங்கி ஒலித்தது. ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டில் வந்த அதே பாட்டுகள் நசுங்காமல் இருந்தன. பழி முழுவதும் மாஸ்டரிங் செய்தவர் மேல் விழுந்தது. தன்னிடம் வரும்போதே மிக்ஸ் நசுங்கித்தான் வந்தது என்று அவர் எழுத வேண்டியிருந்தது.

எது ஓடுகிறது என்று தெரிந்துகொண்டே கேட்பது

ஃபூபாரில் ஏபிஎக்ஸ் சோதனை இருக்கிறது, ஓடுவது இரண்டில் எது என்று பார்க்காமல் காதால் மட்டும் சொல்ல வேண்டும். 16 முறைக்கு 12 சரியாகச் சொல்லுங்கள். வெறும் ஊகத்தில் அது நடக்க 100-க்கு 4 வாய்ப்புக்கூட இல்லை. அதன் பிறகு எது பிடிக்கிறது என்று பேசலாம்.

பழையதே சிறந்தது என்று எண்ணி உட்காருவது

இதுவும் அதே தவறுதான், திசை மட்டும் வேறு. முதல் சிடிக்கள் பலவற்றுக்கு எல்பி வெட்டுவதற்காகத் திருத்திய பிரதி டேப்புகளே கிடைத்தன.

முப்பது விநாடி கேட்டு நிறுத்துவது

நசுங்கிய ஒலி காதுக்குத் தரும் களைப்பு முப்பது விநாடியில் வராது. ஸ்லேயரின் ‘ரெயின் இன் பிளட்’ ஆல்பம் முழுவதும் அரை மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு பதிப்பை இன்றைக்கும் இன்னொன்றை நாளைக்கும், சமப்படுத்திய சத்தத்தில், ஃபேனை நிறுத்திவிட்டு, கடைசிப் பாட்டின் மழைச் சத்தம் வரை கேளுங்கள்.