பணி முடிந்து வீடு திரும்பும் சிறைக் காவலரும் சொந்தத் துப்பாக்கியும்

பாளையங்கோட்டை மத்திய சிறையில் பணி முடித்து, அரசுத் துப்பாக்கியை ஒப்படைத்துப் பதிவேட்டில் கையொப்பமிட்டு வெளியே வரும் காவலர், ஆயுதத்தைப் பொறுத்தவரை அந்த நேரம் முதல் சாதாரணக் குடிமகனே. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு அரசு ஊழியருக்கு அளிக்கும் விலக்கு, கடமையின்போது வைத்திருக்கும் ஆயுதத்துக்கு மட்டுமே பொருந்தும். அமெரிக்காவில் 2004-இல் வந்த சட்டம், தகுதியுள்ள சிறை அலுவலர்கள் பணியில் இல்லாதபோதும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல இடம் கொடுக்கிறது. அதை நம்பி இங்கே எவரும் நடந்துவிடக் கூடாது என்பதே என் முதல் கவலை.

விடுதலையான கைதிகளால் உயிருக்கு மிரட்டல் இருந்தால், துறைக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, குடியிருக்கும் பகுதிக்குரிய உரிம அதிகாரியிடம் முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். 2019-இல் திருத்தப்பட்டபடி உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பணியில் பழகியது என்பதற்காக 9 மி.மீ. கைத்துப்பாக்கி கேட்பதில் பயனில்லை, அது தடைசெய்யப்பட்ட ரகம்.

உரிமம் கைக்கு வந்ததும் அதிலுள்ள நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள். திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகியவற்றுக்குத் தனி அனுமதியின்றித் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது என்று அதில் இருக்கும். நம் ஊரில் இதன் பொருள், ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதியில் வடம் பிடிக்கப் போகிறவர் துப்பாக்கியை வீட்டில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் செல்பவருக்கு இன்னொரு தடையும் உண்டு: கோயில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ முன் அனுமதியின்றி ஆயுதத்துடன் நுழைவதே வன உயிரினச் சட்டப்படி குற்றம். கோயில் கொடையிலோ கல்யாணத்திலோ வானை நோக்கிச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை, ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எடுத்துச் செல்லும்போது துப்பாக்கி உறைக்குள், வெளியே தெரியாதபடி, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். காவல்துறையினர் கேட்டால் காட்ட உரிமமும் உடன் இருக்கட்டும். தேர்தல் அறிவிப்பை ஒட்டி ஒப்படைக்கச் சொன்னால், காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தைகள் இல்லாத அறையில், ஆள் இல்லாத சுவரை நோக்கிப் பிடித்து, விசையில் விரல் படாமல், முதலில் மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை, கழற்றுங்கள். அதன் பிறகே மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுங்கள். வரிசை மாறினால் வெளியே விழுந்த தோட்டாவின் இடத்தில் மேகசினிலிருந்து இன்னொன்று ஏறிவிடும், கையில் இருப்பது காலித் துப்பாக்கி என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். துப்பாக்கியில் தோட்டா அமரும் அறைக்குள் கண்ணால் பார்த்து, இருட்டாக இருந்தால் சுண்டுவிரலால் தடவியும் பார்த்த பிறகு, துப்பாக்கியை ஒரு பூட்டிலும் தோட்டாக்களை வேறொரு பூட்டிலும் வைத்து, இரண்டு சாவிகளையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.