இரு கருவிகளின் அளவீடுகளை ஒரே பொது வடிவத்தில் பகிர்வது எப்படி?

சூரிய மின்தகடு ஒன்றின் மின்னோட்டத்தை ஒரு டேட்டா லாகரும் (அளவீடுகளைத் தானாகப் பதிந்துவைக்கும் கருவி), அதன் மீது விழும் கதிர்வீச்சை மற்றொரு டேட்டா லாகரும் பதிவு செய்திருந்தன. இரண்டு கோப்புகளையும் இணைத்து வரைபடம் வரைந்தபோது, மேகம் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒளி குறைவதற்குப் பத்து நிமிடம் முன்பாகவே மின்னோட்டம் குறைவதாகத் தெரிந்தது. விளைவு காரணத்தை முந்த முடியாது. ஆகவே பிழை கருவிகளில் இல்லை, நான் உருவாக்கிய கோப்பில்தான் இருக்கிறது என்பதைக் கண்டுகொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அதன் பிறகு நான் கடைப்பிடித்துவரும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பைத்தானில் ஒரு சிஎஸ்வி கோப்பைத் திறந்து படிக்க உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: மூலக் கோப்பைத் தொடாதீர்கள்

கருவி தந்த கோப்பைத் தனி அடைவில் வைத்து, எழுத முடியாதபடி பூட்டி, அதன் ஷா-256 செக்சம் மதிப்பைக் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். அதை விரிதாள் மென்பொருளில் திறந்து பார்த்துவிட்டுச் சேமிப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. தேதியைப் போலத் தோன்றும் எதையும் அது தேதியாகவே மாற்றிவிடும்; இந்தத் தொல்லையைத் தவிர்ப்பதற்காக 2020ஆம் ஆண்டில் சில மனித மரபணுக்களின் குறியீட்டுப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

படி 2: உங்கள் துறையில் ஏற்கெனவே ஒரு வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள்

புதிய வடிவத்தை உருவாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை அடக்குவது நல்லது. வானியலாளர்கள் 1981 முதல் ஃபிட்ஸ் வடிவத்தைப் பயன்படுத்திவருகிறார்கள். 80 எழுத்து கொண்ட தலைப்பு வரிகளும் 2880 பைட் கொண்ட தொகுதிகளுமாக அமைந்த அதன் கோப்புகள், அத்தனை பழையவையானாலும், இன்றும் சிக்கலின்றித் திறக்கின்றன. அகச்சிவப்பு நிறமாலைக்கு 1988இல் வந்த ஜேகேம்ப்-டிஎக்ஸ், நிறை நிறமாலைக்கு எம்இசட்எம்எல், நியூட்ரான் மற்றும் எக்ஸ்-கதிர்ச் சோதனைகளுக்கு ஹெச்டிஎஃப்5 என்ற பொதுக் கோப்பு வடிவத்தின் மீது கட்டப்பட்ட நெக்சஸ் ஆகியவை உள்ளன. இவற்றில் எதுவும் பொருந்தாவிட்டால், காலவரிசை அளவீடுகளுக்கு நான் நெட்சிடிஎஃப் கோப்பையும் (எண்களையும் அவற்றின் விவரங்களையும் ஒன்றாகச் சேமிக்கும் வடிவம்) அதற்கான சிஎஃப் மரபுகளையும் (அந்த விவரங்களை எழுதுவதற்கான பொது விதிகள்) பரிந்துரைப்பேன். சில ஆயிரம் வரிகள் மட்டுமே என்றால் ஒரு சிஎஸ்வி கோப்பும், அதை விவரிக்கும் ஒரு ஜேசான் கோப்பும் (பெயரும் மதிப்புமாக விவரங்களை எழுதும் உரைக்கோப்பு) போதும்.

படி 3: ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பெயர், அலகு, பொருள்

அலகைத் தலைப்புக்குள் அடைப்புக்குறியில் திணிக்காமல் தனி விவரமாக எழுதுங்கள். அலகுகளை எழுதுவதற்கு யூகம் (UCUM) என்ற குறியீட்டு முறையைப் பயன்படுத்துகிறேன். மைக்ரோவைக் குறிக்கும் மியூ எழுத்து யூனிகோடில் 181, 956 என்ற இரண்டு எண்களில் இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும், கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். யூகத்தில் மைக்ரோவுக்கு 'யூ' (u) என்ற சாதாரண ஆங்கில எழுத்தே போதும் என்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அதில் 'சி' (C) என்ற பெரிய எழுத்து செல்சியஸைக் குறிக்காது, கூலும் என்ற மின்னூட்ட அலகையே குறிக்கும். தொடக்கத்தில் பலரும் இங்கே சறுக்குவார்கள்.

அலகே இல்லாத எண்களிடம் இன்னும் கவனம் தேவை. நிறமாலைக் கோப்பில் 0.5 என்று இருந்தால், அது டிரான்ஸ்மிட்டன்ஸாக (கடந்துவந்த ஒளியின் பங்கு) இருக்கும்பட்சத்தில் ஒளியில் பாதி கடந்துவிட்டது என்று பொருள்; அப்சார்பன்ஸாக (ஒளி உட்கவரப்படுவதை மடக்கை அளவில் சொல்வது) இருக்கும்பட்சத்தில் ஏறத்தாழ 32 சதவீதமே கடந்தது. எண்ணைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

படி 4: நேரம்

என்னை இரண்டு நாள் அலைக்கழித்த படி இதுதான். நேரத்தை ஐஎஸ்ஓ 8601 முறைப்படி, ஆண்டு முதலில் வருமாறு, உலகப் பொதுநேரத்தில் எழுத வேண்டும் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். இரண்டு லாகர்களின் கடிகாரங்களும் நொடி பிசகாமல் ஒத்திருந்தன. ஆனால் இரண்டுமே நொடிக்கொரு முறை அளந்து, பத்து நிமிடச் சராசரியை மட்டும் ஒரு வரியாக எழுதுபவை. மின்னோட்ட லாகர் அந்தப் பத்து நிமிடத்தின் தொடக்கத்தையும், கதிர்வீச்சு லாகர் அதன் முடிவையும் நேரமாகப் பதித்திருந்தன. எனவே 10:00 முதல் 10:10 வரை மேகம் மறைத்திருந்தால், அதன் விளைவு ஒரு கோப்பில் 10:00 என்ற வரியிலும், மற்றதில் 10:10 என்ற வரியிலும் பதிவாகியிருந்தது. நேரத்தை வைத்து வரிகளை இணைத்தபோது, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பத்து நிமிடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டேன்.

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு வரிக்கும் தொடக்க நேரம், முடிவு நேரம் என இரண்டு நெடுவரிசைகளை வைப்பதாகும். சிஎஃப் மரபில் 'பவுண்ட்ஸ்' என்ற பண்பு இந்த எல்லைகளைச் சுட்டும். 'செல் மெத்தட்ஸ்' என்ற பண்பு அந்த இடைவெளிக்குள் எடுக்கப்பட்டது சராசரியா, உச்சமா, கூட்டுத்தொகையா என்பதைச் சொல்லும். உங்கள் கருவியின் கையேடு இதைச் சொல்லாமல் விட்டிருந்தால், உணரியை ஒரு கடிகாரத்தைப் பார்த்தபடி சரியாகப் பத்து நிமிடம் துணியால் மூடிவைத்து, எந்த வரியில் எண் சரிகிறது என்று பாருங்கள். நான் அப்படித்தான் உறுதிசெய்தேன்.

படி 5: இல்லாத அளவீடு

சுழியம் ஓர் அளவீடு. வெற்றிடம் அளவீடு அல்ல. கதிர்வீச்சு உணரி இரவில் சிறிய எதிர்ம மதிப்புகளைக்கூடக் காட்டும். உணரியின் வெப்ப இழப்பால் நேரும் அதைப் பிழையென்று எண்ணிச் சுழியமாக்கிவிடாதீர்கள். கண்டறியும் எல்லைக்குக் கீழே உள்ள மதிப்பை '0.05ஐவிடக் குறைவு' என்ற குறியோடு எண் நெடுவரிசையில் எழுதினால், பைத்தானில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நிரல்தொகுப்பு அந்த முழு நெடுவரிசையையும் உரையாகவே படிக்கும். எண்ணுக்கு ஒரு நெடுவரிசை, அந்த எண்ணின் நிலையைச் சொல்லும் தரக்குறிக்கு மற்றொன்று என்று பிரித்துவிடுங்கள்.

படி 6: எழுதி, மீண்டும் படித்துப் பாருங்கள்

பாண்டாஸில் சீர்செய்த அட்டவணையை எக்ஸ்அரே (xarray) என்ற பைத்தான் நிரல்தொகுப்புக்கு மாற்றி, நெட்சிடிஎஃப் கோப்பாக எழுதுங்கள். பிறகு அந்தக் கோப்பை மட்டும் புதிதாகத் திறந்து, எண்கள், அலகுகள், நேர எல்லைகள் மூன்றும் மூலத்தோடு ஒத்திருப்பதை ஒரு சிறு நிரலால் சரிபாருங்கள். கடைசியாக, கருவியைப் பார்த்தேயிராத ஒருவரிடம் கோப்பைக் கொடுத்து, அச்சுப்பெயர்களோடு ஒரு வரைபடம் வரையச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்குமான விடையும் கோப்பினுள் இருந்திருக்க வேண்டியது.

பிற்சேர்க்கை 1: கோப்பைத் திறந்தால் எல்லா எண்களும் ஒரே நெடுவரிசையில் குவிகின்றன என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கருவியின் மொழி அமைப்பில் தசமப்புள்ளிக்குப் பதில் காற்புள்ளியும், நெடுவரிசைகளைப் பிரிக்க அரைப்புள்ளியும் இருந்தன. பாண்டாஸில் இரண்டையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டால் சரியாகிவிடும்.

பிற்சேர்க்கை 2: துணைக்கோப்பான ஜேசான் உலாவியில் திறக்கவில்லை என்று இருவர் எழுதினார்கள். ஜேசான் வரையறையில் 'நான்' (NaN) எனப்படும் எண்ணல்லாத மதிப்புக்கு இடமில்லை. பைத்தான் அதை மறுக்காமல் எழுதிவிடும், உலாவி படிக்க மறுத்துவிடும். அந்த இடங்களில் மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் 'நல்' (null) என்று எழுதுங்கள். மேலே 5ஆம் படியில் சொன்ன தரக்குறி, மதிப்பு ஏன் இல்லை என்பதைச் சொல்லிக்கொள்ளும்.