மேல்தகடு அசையுமா? பழைய விமான மாடல்களில் ஃபிளாப் தவறுகள்

லாஸ்பேட்டை விமான நிலையத்தில் ஏடிஆர் பயணிகள் விமானம் இறங்குவதைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி தான் செய்யும் டகோட்டா என்ற பழைய விமானத்தின் மாடலில் இறக்கைப் பின்விளிம்பையும் அறுத்து வளைத்து ஒட்டுகிறவர்கள் புதுச்சேரியில் உண்டு. பெயின்ட் வேலை பிரமாதமாக இருக்கும், ஃபிளாப் மட்டும் தப்பு. ஃபிளாப் என்பது, விமானம் மெதுவாக இறங்குவதற்காக இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பகுதி. ஏடிஆரில் பின்பகுதி முழுசாகவே கீழே சாயும். டகோட்டாவில் மேல்தகடு அசையவே அசையாது. அடித்தகடு மட்டும் கதவு மாதிரி கீழே திறக்கும். மேலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. இதுதான் ஸ்பிளிட் ஃபிளாப். இரண்டாம் உலகப் போரின் சண்டை விமானங்களான பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன், ஜப்பானின் ஜீரோ எல்லாம் இந்த வகைதான். அதனால் கத்தியை எடுப்பதற்கு முன்னால் மேல்தகடு அசையுமா என்று பார்த்துவிடுங்கள்.

ஸ்பிட்ஃபயருக்குப் பாதி ஃபிளாப் வைப்பது அடுத்த தவறு. அழுத்தக் காற்றில் இயங்கும் அந்த ஃபிளாப்புக்கு இரண்டே நிலைதான்: முழுக்க மேலே, இல்லையென்றால் ஏறக்குறைய 85 டிகிரி கீழே. 1942இல் மால்டா தீவுக்குப் போக விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து கிளப்பியபோது கொஞ்சம் ஃபிளாப் தேவைப்பட்டது. மரத்துண்டுகளை ஆப்பாகச் செருகிப் பாதியில் நிறுத்தினார்கள். மேலே போனதும் விமானி ஃபிளாப்பை முழுக்க இறக்குவார், ஆப்பு கடலில் விழும், பிறகு ஏற்றிக்கொள்வார். அந்தக் காட்சியைச் செய்கிறீர்களா, பாதி ஃபிளாப் சரி. முழுக்க இறக்கி வைத்தால், இறக்கையின் மேலே ஒரு குட்டிக் கதவு எழுந்து நிற்க வேண்டும். ஃபிளாப் இறங்கியிருப்பதை விமானிக்குக் காட்டும் அடையாளம் அது. பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

நிறுத்தி வைத்த ஸ்பிட்ஃபயருக்கு ஃபிளாப்பை இறக்காமல் இருப்பதே நல்லது. ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபிளாப் தொங்கினால் காற்றோட்டம் தடைபட்டு எஞ்சின் சூடாகும் என்பதால், தரையிறங்கியதும் ஏற்றிவிடுவது வழக்கம். அமெரிக்கச் சண்டை விமானமான மஸ்டாங் இதற்கு நேர்மாறு. நிறுத்திக் கொஞ்ச நேரத்தில் ஹைட்ராலிக் அழுத்தம் குறைந்து ஃபிளாப் தானாகவே தொங்கிவிடும். அதில் மேல், கீழ் இரண்டும் சேர்ந்தே சாயும்.

மாடலுக்கென்று தனியாக விற்கும் பித்தளை ஃபிளாப் தகடு வாங்குகிறவர்கள் உடனே பிரைமர் அடித்துவிடுங்கள். நம்ம ஊர் கடல்காற்றில் அது சீக்கிரம் கறுத்துப்போகும்.

1948இல் பம்பாயிலிருந்து லண்டனுக்கு ஏர் இந்தியா ஓட்டிய கான்ஸ்டலேஷன் பயணிகள் விமானத்தில் இருப்பது ஃபௌலர் ஃபிளாப். இது முதலில் பின்னால் நகர்ந்து, அப்புறம்தான் கீழே சாயும். இறக்கையின் அகலமே கூடும். இருந்த இடத்திலேயே சாய்த்து ஒட்டினால் வெறும் சாதா ஃபிளாப் ஆகிவிடும்.

யுங்கர்ஸ் 52, ஸ்டூக்கா என்ற ஜெர்மன் விமானங்கள் இரண்டிலும் இறக்கைக்குப் பின்னால், சற்றுக் கீழே, தனியாக ஒரு குட்டி இறக்கை மாதிரி ஃபிளாப் தொங்கும். நடுவில் உள்ள இடைவெளியை பாகம் சரியாகப் பொருந்தவில்லை என்று நினைத்துப் புட்டி போட்டு அடைத்துவிடாதீர்கள். காற்று போக வேண்டிய வழியே அதுதான்.

இரட்டை இறக்கைப் பயிற்சி விமானமான டைகர் மாத்துக்கு ஃபிளாப்பே கிடையாது. கீழ் இறக்கையின் பின்னால் அசைவது, விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரான். ஒன்று மேலே போனால் மற்றது கீழே வரும். இரண்டையும் சேர்த்து இறக்கி ஒட்டியிருந்தால், பசை இறுகுவதற்குள் ஒன்றைத் தூக்கிவிடுங்கள்.