மூன்று குவெரி வேண்டாம், ஒரு கேஸ் போதும்

தேனியிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளா போகும் காய்கறி லாரிகளை வழிவாரியாக எண்ண எஸ்கியூஎல்லில் மூன்று குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எழுதாதீர்கள். ஒரே செலக்டில் வழிக்கு ஒன்றாக இப்படிப் போடுங்கள்:

சம்(கேஸ் வென் வழி = 'குமுளி' தென் 1 எல்ஸ் 0 எண்ட்)

வழி குமுளி என்றால் கேஸ் 1 தரும், இல்லையென்றால் 0; சம் அவற்றைக் கூட்டும். டேபிளை ஒருமுறை படித்தாலே மூன்று எண்ணிக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும். 1-க்குப் பதில் எடை ஃபீல்டைக் கொடுத்தால் சரக்கின் மொத்த எடை கிடைக்கும். சம்முக்குப் பதில் கவுண்ட் போடுவதானால் எல்ஸ் 0-வை எடுத்துவிடுங்கள். நல் (NULL, காலி மதிப்பு) அல்லாத எதையும் கவுண்ட் எண்ணும், 0-வையும் சேர்த்துத்தான். எடுக்காமல் விட்டால் மூன்று வழிக்கும் ஒரே மொத்தம் வந்து நிற்கும். எரரும் காட்டாது, அதுதான் வம்பு.

ஒரு வழியின் கணக்கு மட்டும் போதும், வழி ஃபீல்டுக்கு இண்டெக்ஸும் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) இருக்கிறது என்றால் வேர் (WHERE) நிபந்தனையே வேகம். புதுப்புது வழிகள் சேர்ந்துகொண்டே இருந்தால் குரூப் பை (GROUP BY) போடுங்கள், வழிக்கு ஒரு வரியாக எண்ணித் தரும்.