வாய்வழி கெட்டிக்கும் ரைஃபிளை முதன்முறை சுடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்றைய ரைஃபிள்களில் தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தால் போதும். வெடிமருந்து எவ்வளவு, குண்டு எவ்வளவு கனம், இரண்டுக்கும் இடையே எவ்வளவு இடம் என்பதையெல்லாம் தொழிற்சாலை முன்பே முடிவு செய்துவிட்டது. குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் ரைஃபிளில் அந்த வேலை முழுவதும் சுடுபவரின் கைக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அவரே குழலுக்குள் ஒரு தோட்டாவைச் செய்கிறார். சுடுதளத்தில் புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறப்பதால் வருபவை.

அமெரிக்காவில் இந்த வகைத் துப்பாக்கிக்கு இன்றும் பெரிய கூட்டம் உண்டு. இதற்கென்றே இயங்கும் தேசிய சங்கம் 1933இல் தொடங்கப்பட்டது. இண்டியானா மாநிலத்தின் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் அதன் தளம் இருக்கிறது. பென்சில்வேனியாவில் சக்கிமுக்கிக் கல்லால் இயங்கும் துப்பாக்கிக்கென்று தனி மான்வேட்டைப் பருவமே 1974 முதல் நடக்கிறது. இந்தக் கட்டுரைக்கு, செயின்ட் லூயிஸ் நகரின் ஹாக்கன் சகோதரர்கள் செய்த ரைஃபிளின் சாயலில் வரும் .50 காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் அரை அங்குலமுள்ள, துப்பாக்கியை எடுத்துக்கொள்கிறேன். தாம்சன் சென்டர் நிறுவனம் 1970இல் இந்த வடிவத்தை மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தது; அதிலிருந்து பலருக்கு இதுவே முதல் துப்பாக்கி. விசையை இழுத்ததும் குதிரை எனப்படும் சுத்தி, தட்டினால் வெடிக்கும் ஒரு சிறு செப்புக் கேப்பின் மீது விழும். அதில் பிறக்கும் நெருப்பு, கேப் பொருந்தியிருக்கும் நிப்பிளின் துளை வழியே போய் மருந்தைப் பற்றவைக்கும். வேலை அவ்வளவுதான்.

எளிமை என்பதால் விளையாட்டுப் பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியாவில் நாட்டுத் துப்பாக்கிக்கும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமோ, தோட்டா ஏற்காத இத்தகைய துப்பாக்கிகளைப் பெரும்பாலும் பழம்பொருள் வகையில் வைக்கிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடும். வாங்குவது எளிது என்பதாலேயே பாடம் எதுவும் கேட்காமல் நேராகத் தளத்துக்கு வந்துவிடுகிறார்கள். காகிதத்தில் அது எந்த வகையானாலும், .50 காலிபர் ஈயக்குண்டு மானை வீழ்த்தும். மனிதனையும் வீழ்த்தும்.

எண்ணெயோடு வரும் குழல்

புதுத் துப்பாக்கியின் குழலில் துருப் பிடிக்காமலிருக்கக் கெட்டியான எண்ணெய் பூசியிருப்பார்கள். அதைத் துடைக்காமல் மருந்தைக் கொட்டினால் அடி மருந்து நனைந்து போகும். கேப் வெடிக்கும், துப்பாக்கி சுடாது. புறப்படும் முன்பே ஆல்கஹாலில் நனைத்த துணியால் குழலைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணி விட்டு, நிப்பிளைக் கழற்றி அதன் துளையையும் பார்த்துவிட வேண்டும். தளத்துக்குப் போனதும், குழல் காலியாக இருக்கும்போதே, வாயை இலக்குப் பக்கம் தாழ்த்தி ஒரு புல்லின் அருகே வைத்து இரண்டு கேப்பை வெடித்துப் பாருங்கள். புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் அடைப்பு இருக்கிறது. அதை நீக்கும்வரை மருந்து இடக் கூடாது.

வேறொருவரிடமிருந்து வாங்கிய துப்பாக்கியானால் இதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. குண்டை இறக்க உதவும் தள்ளுகோலைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே விரலால் பிடித்து, அதே நீளத்தைக் குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பாருங்கள். கோல் நிப்பிள் இருக்கும் இடம்வரை எட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. பல ஆண்டுகளாகச் சுவரில் தொங்கிய துப்பாக்கிக்குள்ளும் மருந்தும் குண்டும் இருக்கக்கூடும்.

மருந்தில் மன்னிப்பே இல்லை

இங்கே செய்யும் பிழை உயிரைக் கேட்கும் என்பதால் நேரடியாகச் சொல்கிறேன். பழைய வகை வெடிமருந்தான கருமருந்துக்காகச் செய்த துப்பாக்கியில் நவீனத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது. கருமருந்தோடு கலந்தும் போடக் கூடாது. அது எழுப்பும் அழுத்தத்தை இந்தக் குழல் தாங்காது, பிளந்துவிடும். புகையில்லா மருந்துக்கென்றே கட்டிய ஒரு சில மாதிரிகள் உண்டு. அவற்றின் கையேடு அதைத் தெளிவாகச் சொல்லும். டப்பாவில் பெயர் இல்லாத, யாரோ கொடுத்த மருந்தையும் தொடாதீர்கள். நிறம் கறுப்பாக இருப்பது எதற்கும் சான்று ஆகாது.

உண்மையான கருமருந்தில் வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் ஏறத்தாழ 75, 15, 10 என்ற விகிதத்தில் இருக்கும். அதன் மணி அளவையும் கவனிக்க வேண்டும். .50 காலிபர் ரைஃபிளுக்குப் பொதுவாக இரண்டு எஃப் குறியிட்ட மருந்து. மூன்று எஃப் அதைவிட நுண்மையானது, வேகமாக எரியும். நான்கு எஃப் சக்கிமுக்கித் துப்பாக்கியில் பொறி விழும் பற்றுவாயில் தூவுவதற்கு மட்டும்.

அளப்பதிலும் ஒரு குழப்பம் நேர்கிறது. கிரெயின் என்பது எடையின் பெயர். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஆனால் கருமருந்தின் இடத்தில் வரும் பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகளை, கருமருந்துக்காகக் குறித்த அளவுக்குழாயில் கன அளவாகவே அளக்க வேண்டும். பைரோடெக்ஸ் கருமருந்தைவிட இலேசானது. தராசில் நிறுத்து அதே எண்ணுக்குப் போட்டால் மிகையாகிவிடும். டிரிபிள் செவன் என்ற மாற்று மருந்து இன்னும் வீரியமானது. கருமருந்து தரும் அதே வேகம் போதுமென்றால் கன அளவில் 15 சதவீதம் குறைக்கும்படி அதன் தயாரிப்பாளரே சொல்கிறார். தொடக்கத்துக்கு 50 கிரெயின் அளவே தாராளம். உச்ச வரம்பு எது என்பதைத் துப்பாக்கியோடு வந்த கையேட்டில்தான் பார்க்க வேண்டும், பக்கத்து மேசைக்காரரிடம் அல்ல.

மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலுக்குள் ஊற்றுவது வேண்டவே வேண்டாம். முந்தைய சுடுதலின் கனல் ஒன்று உள்ளே கிடந்தால் குழலில் விழும் மருந்தோடு கையிலிருக்கும் குடுவையும் சேர்ந்து வெடிக்கும். குடுவையிலிருந்து அளவுக்குழாய்க்கு, அளவுக்குழாயிலிருந்து குழலுக்கு. நடுவில் குடுவையை மூடி அப்பால் வைத்துவிட வேண்டும்.

குண்டு எங்கே நிற்கிறது?

மருந்தின் மேல் குண்டு இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவழியில் நின்றுவிட்டால் இரண்டுக்கும் இடையே வெற்றிடம் உண்டாகும். சுடும்போது குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். சில முறை சுட்ட பிறகு கரிப்படிவு சேர்ந்து வழி இறுகும். அப்போது குண்டு அடிவரை போய்விட்டது போல் கை ஏமாறும். இதற்குத் தீர்வு மிக எளியது, ஆனாலும் பலர் செய்வதில்லை: காலிக் குழலில் தள்ளுகோலை விட்டு வாயருகே ஒரு கோடு போடுங்கள். அளந்த மருந்தும் குண்டும் சரியாக இட்ட பிறகு இன்னொரு கோடு. அதன்பின் ஒவ்வொரு முறையும் இரண்டாம் கோடு வாயோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே கேப்பைத் தொட வேண்டும். கோடு மேலே நின்றால் குண்டு இறங்கவில்லை, அல்லது மருந்து இருமுறை விழுந்திருக்கிறது. கீழே போனால் மருந்தே விழவில்லை.

இருமுறை கெட்டிப்பது அறிவிலிகளுக்கு மட்டும் நேர்வது என்று எண்ண வேண்டாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்ததும் களத்திலிருந்து 27,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைப் பொறுக்கினார்கள். அவற்றில் ஏறத்தாழ 24,000 சுடப்படாமல் கெட்டித்தபடியே கிடந்தன. அப்படிக் கிடந்தவற்றில் பாதிக்கு இரண்டு முறை கெட்டித்திருந்தது, சிலவற்றில் அதற்கும் மேல். பயிற்சி பெற்ற படைவீரர்கள்தான் அவர்கள். இரைச்சலும் பதற்றமும் சேர்ந்தால் கை எந்தப் படியில் இருந்தது என்பதை மனம் தொலைத்துவிடுகிறது. சுடுதளத்தில் பதற்றத்தின் இடத்தைப் பேச்சு பிடித்துக்கொள்கிறது. அளவுக்குழாயைக் கையில் வைத்திருப்பவரிடம் அரட்டை அடிப்பவர் நண்பர் அல்லர். கெட்டிக்கும்போது யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லாதீர்கள், முடித்துவிட்டுப் பேசலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தள்ளும் விதமும் முக்கியம். மரக்கோலை உச்சியில் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினால் அது வளைந்து, நார்ப்போக்கில் கூராக முறிந்து உள்ளங்கையைத் துளைக்கும். வாய்க்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்துச் சிறிது சிறிதாக இறக்குங்கள். கடைசியில் கோலைத் தூக்கித் தூக்கிக் குத்த வேண்டாம். மென்மையான ஈயக்குண்டு நசுங்கிக் குறி கெடும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு அழுத்தம் தந்தால் போதும். முகம், உடம்பு எதுவும் குழல் வாய்க்கு நேரே வரக் கூடாது.

தரையில் விழும் துணி

உருண்டைக் குண்டை எண்ணெயிட்ட சிறு துணியில் சுற்றித்தான் குழலில் இறக்குவார்கள். .50 காலிபர் குழலுக்கு .490 அங்குலக் குண்டும் ஏறத்தாழ .015 அங்குலத் தடிமனுள்ள பருத்தித் துணியும் வழக்கமான தொடக்கம். சுட்டதும் துணி சில கஜம் தள்ளி விழுந்துவிடும். இதைப் பொறுக்காமல் போவதுதான், ஆபத்தில்லாத தவறுகளிலேயே மிகப் பெரிய நட்டம் என்பேன். தளத்தில் சுடுவதை நிறுத்தி அனுமதி தந்த பிறகு போய் நான்கைந்தைத் தேடி எடுங்கள்.

நடுவில் கரி வட்டமும் ஓரத்தில் சிறு பிசிறும் மட்டும் இருந்தால் எல்லாம் சரி. நடுவே எரிந்து ஓட்டையாகியிருந்தால் துணி மெல்லியது, அல்லது பூசிய நெய்ப்பு போதவில்லை. குண்டைச் சுற்றி வரிசையாக வெட்டுகள் தெரிந்தால் குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் திருகலாக வெட்டிய உள்வரிகள் இன்னும் கூராக இருக்கின்றன. புதுக்குழலில் இது சாதாரணம், சுடச்சுட மழுங்கும். குழல் வாயின் விளிம்பும் காரணமாகலாம். மருந்தை மாற்றி, குண்டை மாற்றி, கடைசியில் துப்பாக்கியையே பழிப்பவர்கள் பலர். விடை புல்வெளியில் கிடந்திருக்கும்.

நெய்ப்புக்கு இயந்திர எண்ணெய் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் கருமருந்துக் கரியோடு சேர்ந்தால் தார் போல் ஒட்டும். ஆலிவ் எண்ணெய், தேன்மெழுகு கலந்த கொழுப்பு ஆகியவை நன்றாக வேலை செய்கின்றன. ஒவ்வொரு சுடுதலுக்குப் பின்னும் ஈரத்துணி ஒன்று, உலர்துணி ஒன்று விட்டு எடுத்தால் குழல் ஒரே நிலையில் இருக்கும்; உள்ளே கிடக்கும் கனலும் அணையும்.

உள்வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகின்றன என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் உருண்டைக் குண்டுக்கு ஏற்றது. 28 அங்குலத்துக்கு ஒன்று என்றால் நீளக் குண்டுக்கு. 48 இரண்டுக்கும் இடைப்பட்டது. பொருந்தாத குண்டோடு மாலைவரை போராடினாலும் குறி அமையாது.

குறி பார்க்கும் அவசரம்

முதல் குண்டையே 100 கஜத்தில் சுட்டு அது எங்கே போனது என்று தெரியாமல் விழிப்பதைவிட 25 கஜத்தில் தொடங்குவது நல்லது. மேசையில் மணல்மூட்டை வைத்து மூன்று முறை சுட்டு, மூன்றும் சேர்ந்து விழும் இடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் குறிமுள்ளை, அதாவது குழல் மேல் குறி பார்க்க வைத்த முள்ளை, நகர்த்துபவர் நாள் முழுதும் நகர்த்திக்கொண்டே இருப்பார். பின் குறிமுள்ளைக் குண்டு போக வேண்டிய பக்கமே நகர்த்த வேண்டும். முன் குறிமுள்ளை எதிர்ப்பக்கம்.

பழைய பாணித் துப்பாக்கிகளில் முன் குறிமுள் வேண்டுமென்றே உயரமாக இருக்கும். ராவிக் குறைத்தால் குண்டு மேலே ஏறும். அரத்தைத் தளத்துக்கு எடுத்து வராதீர்கள். மருந்தின் அளவு, துணி, குண்டு மூன்றும் முடிவான பிறகே ராவ வேண்டும். ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்த முடிவுக்கு வர மருந்தை ஐந்து ஐந்து கிரெயினாக ஏற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எழுதி வையுங்கள்.

சுடாத துப்பாக்கி

குதிரை விழுந்தும் வெடிக்காவிட்டால் துப்பாக்கியைத் திருப்பிப் பார்ப்பது மனித இயல்பு. அந்த இயல்பை அடக்க வேண்டும். மருந்து தாமதமாகப் பற்றலாம். வாய் இலக்கைப் பார்த்தபடியே குறைந்தது ஒரு முழு நிமிடம் அசையாமல் காத்திருங்கள். பிறகு புதுக் கேப். அதுவும் பயனில்லை என்றால் மறுபடி காத்திருந்து, நிப்பிள் துளையை ஊசியால் குத்திவிட்டு இன்னொரு கேப்.

மருந்தை மறந்து குண்டை மட்டும் இறக்கியது தெரிந்தால் பதற வேண்டாம். நிப்பிளைக் கழற்றிச் சிறிதளவு மருந்தை அந்தத் துளை வழியே செலுத்தி, நிப்பிளை மாட்டி, குண்டு அடியில்தான் இருக்கிறது என்று கோலால் உறுதிசெய்து, இலக்குப் பக்கமே சுட்டு வெளியேற்றலாம். காற்றழுத்தத்தால் குண்டைத் தள்ளும் சிறு கருவிகளும் கிடைக்கின்றன.

கேப் எப்போதும் கடைசி வேலை. சுடும் கோட்டில், வாய் இலக்கை நோக்கியபின்தான். நடுவில் சுடுவதை நிறுத்தும் அறிவிப்பு வந்தால் கேப்பை எடுத்துவிட்டு, துப்பாக்கி கெட்டித்திருக்கிறது என்று தளப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். நவீன ரைஃபிளில் தோட்டாவை வெளியே எடுத்துக் காட்டலாம். இதில் அது முடியாது என்பது அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். சக்கிமுக்கித் துப்பாக்கியானால் பற்றுவாயிலிருந்து பக்கவாட்டில் தீ பாயும். வலப்பக்கம் நிற்பவரை முன்பே எச்சரித்து விலக்குங்கள். கண்ணாடியும் காதுக்காப்பும் இருவருக்கும் வேண்டும்.

மாலையில் களைப்போடு வீடு திரும்பி, நாளை கழுவலாம் என்று சாத்தி வைப்பது புதுத் துப்பாக்கிக்குச் செய்யும் பெருங்கேடு. கருமருந்தின் கரிப்படிவில் இருக்கும் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். பைரோடெக்ஸின் எச்சம் இன்னும் கொடியது. கழற்றக்கூடிய குழலானால் வெந்நீர் வாளியில் அடிமுனையை வைத்து, சோப்பு நீரைத் துணியால் மேலும் கீழும் இழுத்துக் கழுவுங்கள். நிப்பிளைத் தனியே கழுவி, எல்லாவற்றையும் நன்றாக உலர்த்தி மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். சில நவீன மாற்று மருந்துகளுக்கு நீருக்குப் பதில் தனிக் கரைப்பான் தேவை, டப்பாவில் எழுதியிருக்கும். மறுநாள் ஒரு வெள்ளைத் துணியைக் குழலுக்குள் விட்டு எடுங்கள். அது பழுப்பாக வந்தால் கழுவியது போதவில்லை. மறுபடி வெந்நீரிலிருந்து தொடங்குங்கள்.