படகு எஞ்சினின் தண்ணீர் பம்பைப் பராமரிப்பது எப்படி?

படகு எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, எஞ்சினைக் குளிர்விக்க வெளிநீரை இழுக்கும் தண்ணீர் பம்பில் சுழலும் ரப்பர் இம்பெல்லரை, அதாவது இதழ்கள் கொண்ட சிறு சக்கரத்தைத்தான். உள்ளே வரும் நீரே அதற்கு மசகாகவும் இருப்பதால், நீரின்றி ஓடினால் சிறிது நேரத்திலேயே இதழ்கள் கருகிச் சிதைந்துவிடும். ஆகவே எஞ்சினைக் கிளப்புமுன் நீர் வால்வு திறந்திருக்கிறதா, வடிகட்டியில் பாசியோ பிளாஸ்டிக் தாளோ அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது, எஞ்சினை நிறுத்தி வால்வை மூடிய பின், பம்பின் மூடியைக் கழற்றி இம்பெல்லரை வெளியே எடுங்கள். இதழ்களை விரலால் வளைக்கையில் அடிப்பகுதியில் விரிசல் தெரிந்தாலோ, விட்டபின் அவை நிமிராமல் சாய்ந்தே நின்றாலோ மாற்றிவிடுங்கள். காசை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. ஓர் இதழ் உடைந்து காணாமல் போயிருந்தால், புதியதைப் பொருத்துவதோடு வேலை முடிந்துவிடாது. அந்தத் துண்டு பெரும்பாலும் குழாய் வளைவிலோ வெப்பமாற்றியின் (எஞ்சின் சூட்டை நீருக்குக் கடத்தும் பாகம்) வாயிலிலோ சிக்கியிருக்கும் என்பதால், அதைத் தேடி எடுக்காவிட்டால் சூடு மீண்டும் ஏறும்.

புதிய இம்பெல்லருக்குக் கிளிசரின் அல்லது சோப்புநீர் தடவுங்கள். பெட்ரோலியக் கிரீஸ் ரப்பரைக் கெடுத்துவிடக்கூடும். எஞ்சின் அதைச் சுழற்றும் திசையிலேயே திருகியபடி உள்ளே செலுத்தி, மூடியைக் கசிவு தடுக்கும் புதிய கேஸ்கெட்டுடன் பூட்டி, வால்வைத் திறந்த பிறகே எஞ்சினை ஓட்டி, நீர் சீராக வெளியேறுகிறதா எனக் கவனியுங்கள். பம்பின் அடியிலுள்ள சிறுதுளையில் நீர் கசிந்தால், உள்ளே கசிவைத் தடுக்கும் ‘சீல்’ என்ற வளையத்தையும் மாற்ற வேண்டும்.